சாய்ந்த வடிவத்தை இழுத்தால் ஏன் கோணலாகிறது? வெக்டர் மென்பொருள்களில் சுழற்றலும் அளவு மாற்றலும்

கோடுவளைவு எழுதியது:

வெக்டர் மென்பொருளில், அதாவது கோடுகளாலும் வடிவங்களாலும் படம் வரையும் மென்பொருளில், சாய்ந்து நிற்கும் ஒரு செவ்வகத்தைக் கொஞ்சம் நீட்ட வேண்டும். கேட்பது இவ்வளவுதான். 30 டிகிரி சாய்த்தாயிற்று, இடமும் சரியாக அமர்ந்துவிட்டது, நீளம் மட்டும் போதவில்லை. தேர்வு செய்து வலப்பக்கப் பிடியை (இழுப்பதற்காக விளிம்பில் தெரியும் குறியை) இழுத்தால் செவ்வகம் நீளவில்லை, இணைகரமாகச் சரிகிறது. மூலைகள் 90 டிகிரியை விட்டு விலகிவிடுகின்றன. அண்டூ செய்து, நிமிர்த்தி, நீட்டி, மறுபடி சாய்த்தால் பழைய இடத்தில் உட்காருவதில்லை. ஒரு ஓரத்தை மட்டும் நீட்டியதால் மையம் நகர்ந்திருக்கிறது, அதனால் சுழற்சியும் வேறு புள்ளியைச் சுற்றி நடக்கிறது. அப்புறம் கண்ணளவில் தள்ளித் தள்ளிப் பொருத்த வேண்டும்.

எண்களும் இதே கதைதான். 100க்கு 50 என்று நான் வரைந்த செவ்வகத்தை 45 டிகிரி திருப்பியதும், மேலே உள்ள அகலம், உயரம் பெட்டிகள் இரண்டும் 106.07 என்கின்றன. என் செவ்வகத்தின் அகலம் மாறவே இல்லை. 100 என்ற அந்த எண்ணை நான் இப்போது எங்கே பார்ப்பது? 120 ஆக்க வேண்டுமென்றால் எந்தப் பெட்டியில் எதை எழுதுவது?

மென்பொருளின் பெயரைச் சொல்லவில்லை. இதே தொல்லையை ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் பார்த்திருக்கிறேன். இதற்கு ஒழுங்கான வழி இருக்கிறதா, இல்லை எல்லோரும் சகித்துக்கொண்டுதான் வரைகிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

முனைப்புள்ளி எழுதியது:

நீங்கள் இழுப்பது செவ்வகத்தை அல்ல நண்பரே, அதைச் சுற்றியிருக்கும் பவுண்டிங் பாக்ஸை. அந்தப் பெட்டி பக்கத்தின், அதாவது வரைதாளின், அச்சுகளுக்கு நேராகவே நிற்கிறது, உள்ளே இருக்கும் வடிவம்தான் சாய்ந்திருக்கிறது. சாய்வாக வைத்த படச்சட்டத்தை நேரான அட்டைப்பெட்டிக்குள் போட்டு, அட்டைப்பெட்டியின் இரு பக்கங்களையும் அமுக்குவது போலத்தான் இது. உள்ளே இருப்பது நசுங்காமல் எப்படி இருக்கும்?

106.07 எங்கிருந்து வருகிறது என்றால், 45 டிகிரியில் அகலம் 100, உயரம் 50 இரண்டும் தலா 0.7071 பங்கு கிடைமட்டத்தில் விழுகின்றன. 70.71, 35.36 இரண்டையும் கூட்டினால் 106.07. செங்குத்துக்கும் அதே கணக்கு. 30 டிகிரியாக இருந்தால் 111.6க்கு 93.3 என்று காட்டியிருக்கும். ஆக, அந்தப் பெட்டிகள் காட்டுவது தவறான எண் அல்ல. உங்களுக்குத் தேவையில்லாத எண்.

உடனடி வழி ஒன்று சொல்கிறேன். இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர் என்றால், தேர்வுக் கருவியை விட்டுவிட்டு அந்தச் செவ்வகத்தை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். செவ்வகக் கருவிக்கு மாறும். மேல் இடது மூலையிலும் கீழ் வலது மூலையிலும் சின்னச் சதுரப் பிடிகள் தெரியும். அவை செவ்வகத்தின் சொந்தப் பக்கங்களைப் பின்பற்றுகின்றன. எவ்வளவு சாய்ந்திருந்தாலும் இழுத்தால் அதன் நீளவாக்கிலேயே நீளும், மூலைகள் 90 டிகிரியிலேயே நிற்கும். மேலே உள்ள பட்டையிலும் 100, 50 என்ற உண்மையான அளவே தெரியும். அங்கே 120 என்று எழுதினால் வேலை முடிந்தது.

ஒரே நிபந்தனை, அது இன்னும் செவ்வகமாகவே இருக்க வேண்டும். பாத் ஆக, அதாவது வெறும் புள்ளிகளும் கோடுகளுமாக, மாற்றிவிட்டால் இந்த வசதி போய்விடும். அதனால் நான் கடைசிக் கட்டம் வரை எந்த வடிவத்தையும் பாத் ஆக மாற்றுவதில்லை.

அணிக்கோவை எழுதியது:

முனைப்புள்ளி சொன்னதன் அடியில் ஒரு கணிதம் இருக்கிறது. அது பிடிபட்டால் பாதி எரிச்சல் குறையும். சுழற்றலும் சீரான அளவு மாற்றலும் எந்த வரிசையில் நடந்தாலும் விளைவு ஒன்றுதான். ஆனால் அகலத்தை மட்டும் மாற்றினால் வரிசை முக்கியமாகிவிடுகிறது.

100க்கு 100 சதுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அகலத்தை இரட்டிப்பாக்கி அப்புறம் 45 டிகிரி திருப்பினால் 200க்கு 100 செவ்வகம் சாய்ந்து நிற்கும். முதலில் 45 டிகிரி திருப்பி, அப்புறம் கிடைமட்டமாக இரட்டிப்பாக்கினால் சாய்சதுரம் கிடைக்கும். அதன் மூலைவிட்டங்கள் 282.8, 141.4. கூர்மூலை 53.13 டிகிரி. இரண்டு செயல்களும் அதேதான், வரிசைதான் வேறு.

வெக்டர் படங்களை எழுத்தாகச் சேமிக்கும் எஸ்விஜி கோப்பில் இது வெளிப்படையாகவே தெரியும். உருமாற்றத்தைச் சொல்லும் டிரான்ஸ்ஃபார்ம் பண்பில் ரொட்டேட்(45) ஸ்கேல்(2,1), அதாவது 45 டிகிரி சுழற்று, அகலத்தை இரட்டிப்பாக்கு என்று இருந்தால், வடிவத்துக்கு மிக அருகில் இருக்கும் ஸ்கேல்தான் முதலில் நடக்கும், ரொட்டேட் பிறகு. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அதைத் திருப்பி எழுதினால் உங்கள் இணைகரம் வந்துவிடும். 2001இல் வந்த முதல் எஸ்விஜி பரிந்துரையிலிருந்தே இந்த விதி மாறவில்லை.

நீங்கள் பிடியை இழுக்கும்போதெல்லாம் மென்பொருள் செய்வது, ஏற்கெனவே இருக்கும் சுழற்சிக்கு இடப்பக்கத்தில் ஒரு புது ஸ்கேலைச் சேர்ப்பதுதான். உங்களுக்கு வேண்டியது அதை வலப்பக்கத்தில், வடிவத்தை ஒட்டிச் சேர்ப்பது. கணக்கில் இது பெரிய வேலையே இல்லை. உருமாற்றத்தைக் குறிக்கும் எண் அட்டவணைகளான இரண்டு அணிகளை (மேட்ரிக்ஸ்) எந்த வரிசையில் பெருக்குவது என்ற கேள்வி மட்டும்தான். அதனால்தான் பல மென்பொருள்களில் இந்த வசதி இல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புதுத்தூரிகை எழுதியது:

நான் ஆரம்ப நிலையில் இருப்பவள். நீங்கள் பேசும் கட்டத்துக்கே நான் வரவில்லை. எனக்குச் சுழற்றும் பிடியே கிடைக்கவில்லை! நான்கு மூலைகளிலும் அம்புக்குறிகள் இருக்கின்றன, எதை இழுத்தாலும் பெரிதாகிறது அல்லது சிறிதாகிறது. ஒரு நாள் திடீரென்று அவையெல்லாம் வளைந்த அம்புகளாகிவிட்டன. எதைத் தொட்டு அப்படி ஆனது என்று தெரியவில்லை.

அதோடு, ஒரு காணொளியில் விகிதம் மாறாமல் இருக்க ஷிஃப்டை அழுத்தச் சொல்கிறார்கள், இன்னொன்றில் கண்ட்ரோல் என்கிறார்கள். எதை நம்புவது அண்ணா?

முனைப்புள்ளி எழுதியது:

ஏற்கெனவே தேர்வான வடிவத்தை இன்னொரு முறை கிளிக் செய்தால் பிடிகள் மாறும். இங்க்ஸ்கேப், கோரல் டிரா, லிப்ரே ஆஃபிஸ் டிரா மூன்றிலும் இப்படித்தான். முதல் கிளிக்கில் அளவுப் பிடிகள், இரண்டாவதில் சுழற்சிப் பிடிகள். உங்களுக்குத் திடீரென்று நடந்தது இதுவாகத்தான் இருக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் இரண்டாவது கிளிக் தேவையில்லை, மூலைக்குச் சற்று வெளியே சுட்டியைக் கொண்டுபோனாலே வளைந்த அம்பு வரும்.

விசைகளைப் பொறுத்தவரை இரண்டு காணொளிகளும் சரி, மென்பொருள்தான் வேறு. விகிதம் காக்க இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல், இல்லஸ்ட்ரேட்டரில் ஷிஃப்ட். கோரல் டிராவில் மூலைப் பிடியை இழுத்தாலே விகிதம் மாறாது, எந்த விசையும் வேண்டாம். சுழற்சியைக் குறிப்பிட்ட கோணங்களில் நிறுத்த இங்க்ஸ்கேப்பிலும் கோரலிலும் கண்ட்ரோல், 15 டிகிரிப் படிகள். இல்லஸ்ட்ரேட்டரில் ஷிஃப்ட், 45 டிகிரிப் படிகள். இங்க்ஸ்கேப்பில் ஷிஃப்டுக்கு வேறு வேலை: அளவு மாற்றும்போது நடுவிலிருந்து விரியும், சுழற்றும்போது எதிர்மூலையைச் சுற்றித் திரும்பும்.

ஒரே கம்பெனி தன் பழக்கத்தையே மாற்றிய கதையும் உண்டு. ஃபோட்டோஷாப்பில் ஆண்டாண்டு காலமாக விகிதத்துக்கு ஷிஃப்ட் வேண்டும். 2018 அக்டோபரில் வந்த பதிப்பில் விகிதம் காப்பதே இயல்பாகி, ஷிஃப்ட் அழுத்தினால் விகிதம் உடைவதாக ஆனது. விரல்கள் கற்றுக்கொண்டதை மனம் சொன்னவுடன் மறக்காது. ஒரு மென்பொருளை நன்றாகப் பழகுங்கள், இரண்டாவதுக்கு அப்புறம் போகலாம்.

அச்சுவேலை எழுதியது:

எனக்குச் சாய்வைவிடக் கோட்டுத் தடிமன்தான் பெரிய தலைவலி. 24 பிக்சல் ஐகான், 2 பிக்சல் கோடு. அதை 48 ஆக்கினால் கோடு 4 ஆகுமா, 2 ஆகவே இருக்குமா? இரண்டுமே தேவைப்படும் நேரம் உண்டு. லோகோ என்றால் கோடும் சேர்ந்து வளர வேண்டும். வரைபடத்தில் வரும் அம்புக்குறி என்றால் கோடு அப்படியே இருக்க வேண்டும். பிரச்சினை என்னவென்றால், இதைத் தீர்மானிக்கும் சுவிட்ச் எங்கோ ஒளிந்திருக்கும், கடைசியாக யார் எப்படி விட்டுப்போனார்களோ அப்படியே இருக்கும். அலுவலகத்தில் இருவர் ஒரே கோப்பில் வேலை செய்தால், ஒரே வரிசை ஐகான்களில் பாதி தடித்தும் பாதி மெலிந்தும் வந்து நிற்கின்றன. அச்சுக்குப் போகும்வரை கண்ணில் படுவதில்லை.

இங்க்ஸ்கேப்பில் தேர்வுக் கருவியின் மேல்பட்டையில் நான்கு சின்னப் பொத்தான்கள் இருக்கின்றன. கோட்டுத் தடிமன், மூலை வளைவு, கிரேடியன்ட், பேட்டர்ன் நான்கும் வடிவத்தோடு சேர்ந்து மாற வேண்டுமா என்று தனித்தனியாகச் சொல்லலாம். கண்ணுக்கு எதிரிலேயே இருப்பது நல்ல விஷயம். இல்லஸ்ட்ரேட்டரில் 'ஸ்கேல் ஸ்ட்ரோக்ஸ் அண்ட் எஃபெக்ட்ஸ்' என்ற தேர்வு பிரிஃபரன்ஸிலும் டிரான்ஸ்ஃபார்ம் பேனலிலும் இருக்கிறது. கோரல் டிராவில் அது ஒவ்வொரு வடிவத்தின் அவுட்லைன் அமைப்பிலும் 'ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்' என்று இருக்கும். இந்த வேறுபாடு முக்கியம். மற்ற இரண்டிலும் அது பயனரின் அமைப்பு, கோரலில் வடிவத்தின் பண்பு. என் மனசுக்குக் கோரலின் வழிதான் சரி. கோடு வளர வேண்டுமா என்பது வரைந்தவரின் நோக்கம். அது கோப்போடு பயணிக்க வேண்டும், கணினியோடு தங்கிவிடக் கூடாது.

இன்னொன்று, 100 பிக்சல் செவ்வகத்துக்கு 2 பிக்சல் கோடு கொடுத்தால் அகலம் 102 என்று காட்டுவது. கோடு விளிம்பின் இருபுறமும் 1 பிக்சல் பரவுகிறது, அதையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். இங்க்ஸ்கேப்பின் பிரிஃபரன்ஸில் கருவிகள் பகுதிக்குப் போய், விஷுவலுக்குப் பதில் ஜியோமெட்ரிக் பவுண்டிங் பாக்ஸ் என்று மாற்றினால் 100 என்றே காட்டும். துல்லியமான வேலை செய்கிறவர்கள் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

சுழல்மையம் எழுதியது:

சுழற்றும்போது எந்தப் புள்ளியைச் சுற்றி என்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. பல மென்பொருள்கள் இயல்பாக பவுண்டிங் பாக்ஸின் நடுவை எடுத்துக்கொள்கின்றன. செவ்வகத்துக்கும் வட்டத்துக்கும் அது சரி. சமபக்க முக்கோணத்தை எடுத்துப் பாருங்கள். பக்கம் 100 என்றால் உயரம் 86.6. பெட்டியின் நடு, அடியிலிருந்து 43.3இல் இருக்கிறது. முக்கோணத்தின் உண்மையான மையம் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அதாவது 28.9இல் இருக்கிறது. 14.4 வித்தியாசம். 120 டிகிரி திருப்பினால் முக்கோணம் தன் மேலேயே பொருந்த வேண்டும், ஆனால் விலகி நிற்கும். அனிமேஷனில் அந்த முக்கோணம் ஆடி ஆடிச் சுற்றும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் படும்.

இங்க்ஸ்கேப்பில் இரண்டாவது கிளிக்குக்குப் பிறகு நடுவில் சின்னக் கூட்டல் குறி வரும். அதை இழுத்து வேண்டிய புள்ளியில் வைக்கலாம், ஸ்னாப் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். வைத்த இடம் கோப்பிலேயே சேமிக்கப்படுகிறது. ஷிஃப்ட் அழுத்தி அந்தக் குறியைக் கிளிக் செய்தால் மறுபடி நடுவுக்கு வந்துவிடும். கடிகார முகத்துக்கு 12 கோடுகள் வேண்டுமென்றால், ஒரு கோட்டின் சுழல்மையத்தைக் கடிகாரத்தின் நடுவில் வைத்து, கண்ட்ரோல் டி போட்டு நகலெடுத்து, கண்ட்ரோல் பிடித்தபடி 30 டிகிரி திருப்பினால் போதும், நகலுக்கும் அதே மையம்தான். இல்லஸ்ட்ரேட்டரில் ஆர் விசை, ஆல்ட் பிடித்து நடுவில் கிளிக், 30, காப்பி, அப்புறம் கண்ட்ரோல் டி அடித்துக்கொண்டே போகலாம்.

இணையத்துக்கு அனிமேஷன் செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. எஸ்விஜி உறுப்புகளுக்கு, இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் தரும் சுழற்சியின் மையம் இயல்பாக 0,0. அதனால்தான் சின்னச் சக்கரம் தன் இடத்தில் சுழலாமல் மூலையைச் சுற்றிப் பெரிய வட்டம் போடுகிறது. டிரான்ஸ்ஃபார்ம்-பாக்ஸ் என்பதை ஃபில்-பாக்ஸ் ஆக்கி, டிரான்ஸ்ஃபார்ம்-ஆரிஜின் என்பதை சென்டர் ஆக்குங்கள்.

நேர்கோடு எழுதியது:

எல்லோரும் நேராக நிற்கும் பெட்டியைத் திட்டுகிறீர்கள். நான் அதன் பக்கம் நின்று கொஞ்சம் பேசுகிறேன். நான் செய்வது பக்க வடிவமைப்பு. எனக்கு ஒரு வடிவம் பக்கத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதுதான் முக்கியம். சாய்ந்த செவ்வகம் 100 அகலமா என்பது எனக்குத் தேவையில்லை. அது ஓரத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, பக்கத்து வடிவத்தோடு வரிசையாக இருக்கிறதா என்பதுதான் தேவை. வடிவங்களை வரிசைப்படுத்தும் அலைன் கட்டளை முழுவதும் நேரான பெட்டியை வைத்துத்தான் வேலை செய்கிறது. பெட்டியும் சேர்ந்து சாய்ந்துவிட்டால் இந்த எண்களை நான் எங்கே பார்ப்பேன்?

பல வடிவங்களை ஒரே நேரத்தில் தேர்ந்தெடுக்கும்போதும் இப்படித்தான். ஒன்று 10 டிகிரி, ஒன்று 70 டிகிரி, ஒன்று நேராக. எந்தச் சாய்வில் பெட்டியைப் போடுவது?

கோடுவளைவு எழுதியது:

நேர்கோடு சொல்வது நியாயம். நான் நேரான பெட்டியை எடுத்துவிடச் சொல்லவில்லை. இரண்டும் வேண்டும் என்கிறேன். இடம்பிடிப்பைக் காட்ட ஒன்று, வடிவத்தை இழுக்க ஒன்று.

முடியாத காரியமும் இல்லை. இல்லஸ்ட்ரேட்டரில் ஒரு வடிவத்தைச் சுழற்றினால் பெட்டியும் கூடவே சாய்கிறது, வேண்டாமென்றால் 'ரீசெட் பவுண்டிங் பாக்ஸ்' கொடுத்து நிமிர்த்தலாம். ஃபிக்மாவில் தனி வடிவத்தின் அகலமும் உயரமும் சாய்ந்த பிறகும் சொந்த அளவாகவே இருக்கின்றன, கோணம் தனிப் பெட்டியில் நிற்கிறது. பல வடிவங்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் நேரான பெட்டிக்கு வந்துவிடுகிறது. இதில் யாருக்கும் நஷ்டமில்லையே.

முனைப்புள்ளி சொன்ன இரட்டைக் கிளிக் வழியைச் செய்து பார்த்தேன், செவ்வகத்துக்கு அருமையாக வேலை செய்கிறது. ஆனால் என் கோப்புகளில் பாதிக்கு மேல் பாத் ஆகவும் குரூப் (பல வடிவங்கள் சேர்ந்த தொகுப்பு) ஆகவும் வந்தவை. அவை எத்தனை டிகிரி சாய்ந்தன என்பதற்கே தடயம் இல்லை. அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

அணிக்கோவை எழுதியது:

குரூப் என்றால் பெரும்பாலும் உண்டு. கோப்பின் எழுத்து வடிவைக் காட்டும் எக்ஸ்எம்எல் எடிட்டரைத் திறந்து டிரான்ஸ்ஃபார்ம் பண்பைப் பாருங்கள். ரொட்டேட் என்று நேராகவே இருக்கலாம், அல்லது மேட்ரிக்ஸ் என்று ஆறு எண்கள் இருக்கும். முதல் இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்ரிக்ஸ்(1.6, 1.2, -1.2, 1.6, 0, 0) என்று வைப்போம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.75, அந்தத் டேன்ஜென்டுக்குரிய கோணம் 36.87 டிகிரி. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2, அதுதான் அளவுப் பெருக்கம். சரிந்திருக்கிறதா என்று பார்க்க, முதலாவதையும் மூன்றாவதையும் பெருக்கி, இரண்டாவதையும் நான்காவதையும் பெருக்கிக் கூட்டுங்கள். பூஜ்யம் வந்தால் மூலைகள் நேராகவே இருக்கின்றன. மேலே உள்ள எண்களுக்கு -1.92, +1.92, ஆகப் பூஜ்யம். நல்ல வடிவம்.

பாத் என்றால் கஷ்டம். இங்க்ஸ்கேப் இயல்பாகவே முடிந்த இடங்களில் உருமாற்றத்தைப் புள்ளிகளின் ஆயங்களுக்குள் கரைத்துவிடும், கோணம் தனியாக எங்கும் எழுதப்படாது. பிரிஃபரன்ஸில் பிஹேவியர் பகுதியில் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் என்பதற்குள் 'ஆப்டிமைஸ்ட்' என்பதை 'பிரிசர்வ்ட்' ஆக்கிவிட்டால் இனிமேல் செய்பவை பத்திரமாக இருக்கும். ஏற்கெனவே கரைந்தவற்றுக்கு, நேராக இருந்திருக்க வேண்டிய ஒரு விளிம்பின் மேல் அளவிடும் கருவியை இழுத்துக் கோணத்தைப் படித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோணத்துக்கு எதிர்த்திசையில் திருப்பி, அளவை மாற்றி, மறுபடி திருப்புங்கள்.

திருப்பும்போது திசையைக் கவனியுங்கள். எஸ்விஜியில் கூட்டல் கோணம் கடிகாரத் திசை, ஏனென்றால் ஒய் அச்சு கீழ்நோக்கிப் போகிறது. இல்லஸ்ட்ரேட்டரிலும் கோரலிலும் கூட்டல் கோணம் எதிர்த்திசை. இங்க்ஸ்கேப்பே 2020இல் வந்த 1.0 பதிப்பு வரை ஒய் அச்சை மேல்நோக்கித்தான் காட்டிக்கொண்டிருந்தது. பழைய பாடக் குறிப்புகளில் இருக்கும் எண்கள் இன்று தலைகீழாக வருவது அதனால்தான்.

புதுத்தூரிகை எழுதியது:

பிடிகள் இப்போது பிடிபட்டுவிட்டன, நன்றி அண்ணா. புதிதாக ஒன்று. என் படம் முழுவதும் சாய்ந்து நிற்கிறது! எல்லா வடிவங்களும், பக்கத்தின் எல்லைக்கோடு உட்பட. எதையும் சுழற்றவில்லை.

சுழல்மையம் எழுதியது:

சாய்ந்தது படம் அல்ல, கேன்வாஸ், அதாவது திரையில் தெரியும் வரைபரப்பு, தங்கச்சி. இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டும் அழுந்தியிருக்கும்போது மவுஸ் சக்கரம் உருண்டால் இப்படி ஆகும். கீழே வலது ஓரத்தில் ஆர் என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் 0 கொடுங்கள். கோப்புக்கு எதுவும் ஆகவில்லை.

கோடுவளைவு எழுதியது:

மேட்ரிக்ஸ் கணக்கு வேலை செய்கிறது. குரூப்கள் எல்லாவற்றையும் நிமிர்த்திவிட்டேன். ஒன்றில் மட்டும் அந்தக் கூட்டல் பூஜ்யம் வரவில்லை, சரிந்துபோன வடிவம்தான். அதை மறுபடி வரைந்துகொண்டேன்.

இந்த இழையில் வந்ததை வைத்து மென்பொருள் ஆக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள் எழுதுகிறேன். தேர்வுக் கருவியின் பட்டையில் ஒரே ஒரு பொத்தான்: பெட்டி பக்கத்தின் அச்சில் நிற்க வேண்டுமா, வடிவத்தின் அச்சில் நிற்க வேண்டுமா. இயல்பு இப்போது இருப்பதே. வடிவத்தின் அச்சுக்கு மாறினால் அகலம், உயரம், கோணம் மூன்றும் சொந்த எண்களாகத் தெரிய வேண்டும். அலைன் கட்டளை எப்போதும் பக்கத்தின் அச்சிலேயே இருக்கட்டும். நேர்கோடு, இது உங்கள் வேலையைக் கெடுக்காது என்று நினைக்கிறேன். சரியா?

நேர்கோடு எழுதியது:

கெடுக்காது, நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பல வடிவங்கள் தேர்வாகும்போது என்ன நடக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். அதை விட்டால் முதலில் அதைத்தான் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

அணிக்கோவை எழுதியது:

எல்லாம் ஒரே கோணத்தில் இருந்தால் அந்தக் கோணம், வேறுபட்டால் பக்கத்தின் அச்சு. மேட்ரிக்ஸ் வரிசை பற்றிய பத்தியை நான் எழுதித் தருகிறேன். சாய்ந்த சதுரம் ஒன்று வைத்த சோதனைக் கோப்பும் அதோடு சேர்த்து அனுப்பலாம். 45 டிகிரிச் சதுரம், எதிர்பார்க்கும் விளைவு 200க்கு 100, இப்போது கிடைக்கும் விளைவு 53.13 டிகிரிச் சாய்சதுரம்.